ஏழாங்கட்டைக் கேமரா

கேமரா வந்த அன்று தங்கமணிக்கு மாலை போட்டார்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, ஏழாங்கட்டைக்காரர்களுக்கு ஒரு பெண்ணை மதிக்கத் தெரியாது என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. அவர்களுக்கு நன்றாகவே தெரியும். மாலை வாங்கி வந்து போடவும் தெரியும், அதே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவும் தெரியும்.

கோலாலம்பூருக்கு வெளியே, அசாம் ஜாவாவிலிருந்து சபாக் போகிற பெரிய ரோட்டில், ஒரு பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் பழைய லயமும் மாரியம்மன் கோயிலும். மறுபக்கம் மீரா முகைதீனின் சாப்பாட்டுக் கடையும் ஒரு டயர் கடையும். ஏழாங்கட்டை, அதாவது ஏழாவது மைல், என்றால் இவ்வளவுதான். லயத்து ஆள் வேலைக்குப் போவதானாலும் பசியாறப் போவதானாலும் ரோட்டைக் கடந்தே ஆக வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளோ ஆலைக்கு ஒரு நடை கூடுதலாக அடித்துவிடும் அவசரத்தில் அங்கே ஒருநாளும் வேகத்தைக் குறைத்ததில்லை. முன்பே இரண்டு பேரை அந்த இடத்தில் வாரிக் கொடுத்தாகிவிட்டது. ஊர் அழுதது, சாவுச் சோறு சாப்பிட்டது, மறந்தது.

தங்கமணியால் மறக்க முடியவில்லை. தோட்டத்தில் உரம் போடுகிற அவளுக்கு இருந்தது ஒரே மகன். சேது டயர் கடையில் வேலை செய்தான். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவன் காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது, கூடவே பேச்சும் போயிற்று. வளர்ந்து ஆளாகி, லோரி டயரைத் தனியாளாக நிமிர்த்துகிற உடம்பு வந்துவிட்டது. ஆனால் முதுகுக்குப் பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் அவனுக்கு அது ஒன்றுமே இல்லை. தினமும் காலையில் அவன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, திரும்பிப் பார்த்து, மூக்கின் மேல் விரலை வைத்துக் காட்டுவான். அம்மாவின் மூக்குத்தி அது. ‘அம்மா, போ’ என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் தங்கமணி உரமூட்டையைத் தூக்கப் போவாள்.

ஒருநாள் ஒரு காரின் பக்கக் கண்ணாடி சேதுவின் முழங்கையைப் பெயர்த்துவிட்டுப் போனது. அன்றைக்கு எழுந்தவள்தான். கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறினாள். ரோட்டு இலாகா ஆபீஸ் வாசலில் தவம் கிடந்தாள். பக்கத்து வீட்டு மாலாதான் எல்லா இடத்துக்கும் துணைக்குப் போனவள். கடைசியில் டயர் கடைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கம்பம் முளைத்தது, அதன் உச்சியில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் வேகமாகப் போகிற வண்டியைப் படம் பிடிக்கிற கண். கோயில் தலைவர் பாலகிருஷ்ணன் தன் கையாலேயே தங்கமணிக்கு மாலை போட்டார். “நம்ம ஊரு புள்ளைங்க உயிர காப்பாத்துன தெய்வம்” என்று மைக்கில் சொன்னார். சேதுவுக்குச் சொன்னது கேட்கவில்லை என்றாலும் எல்லோரையும் விட அதிகமாகக் கைதட்டியவன் அவன்தான்.

பாலகிருஷ்ணனுக்குச் சொந்தமாக லோரிகள் ஓடின. கேமரா வெளியூர்க்காரனைத்தான் பிடிக்கும் என்று அவர் நினைத்திருந்தார். ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது. சபாக்கிலிருந்து வருகிற சீனன், கோலாலம்பூரிலிருந்து மீன் சாப்பிட வருகிற பணக்காரன், இவர்களுக்குத்தான் அபராதச் சம்மன் வரும், நாம் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம் என்று. முதல் சம்மன் பாலகிருஷ்ணன் வீட்டுக்கே வந்தது. அடுத்தது அவரிடம் லோரி ஓட்டிய செல்வாவுக்கு. செல்வா வேறு யாருமில்லை, மாலாவின் புருஷன். பிறகு மீரா முகைதீனுக்கு, அதுவும் கடைக்கு வெங்காயம் வாங்கிக்கொண்டு வரும்போது.

மாலை வாடி முடிவதற்குள் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுவிட்டார்கள்.

“ரோட்டுப் பாதுகாப்புக்கு நான் விரோதி இல்ல” என்று பாலகிருஷ்ணன் ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர் எங்கே போய் முடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். “ஆனா நம்ம டிரைவருங்க நடைக்கு இவ்ளோன்னு வாங்குறவங்க. கேமரா வந்ததுல இருந்து நடை கொறைஞ்சி போச்சி. அந்தப் பெட்டியா வந்து சோறு போடும்?”

செல்வா எழுந்தான். “தொண்ணூறுல வந்துக்கிட்டே இருக்கேன். திடீர்னு அறுபதுன்னு ஒரு போர்டு, அதுவும் மரத்துக்குப் பின்னால. குலையோட பிரேக் அடிச்சா பின்னால வர்றவன் என் மேல ஏறிடுவான்லா. இது பாதுகாப்பா, எலிப்பொறியா?”

“போலிஸ்காரரா இருந்தா எறங்கி நின்னு நம்ம கஷ்டத்தச் சொல்லலாம்” என்றார் மீரா முகைதீன். “மனுஷன், மனசு எறங்குவாரு. இந்தப் பெட்டிகிட்ட போயி எந்தக் கஷ்டத்தச் சொல்லுறது?”

அவர்கள் பேசியதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. போர்டு மரத்துக்குப் பின்னால்தான் இருந்தது. நடைக்கூலிக்காரன் வயிறு காய்வதும் உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் யாரும் போர்டை முன்னால் நகர்த்தக் கேட்போம் என்று சொல்லவில்லை, நடைக்கூலியை மாத்து என்று பாலகிருஷ்ணனைப் பார்த்தும் கேட்கவில்லை. எல்லோரும் பார்த்தது பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைத்தான்.

தங்கமணி எழுந்து, மனதில் பட்டதைச் சொன்னாள். “வேகமா போனாத்தான சம்மன் வருது? மெதுவா போனா என்னாண்ணே?”

அவ்வளவு எளிமையான ஒன்றைச் சொன்னதை ஊர் மன்னிக்கவே இல்லை.

“ஒம்மகனுக்குக் காது கேக்கலன்னா ஊரே நொண்டியடிக்கணுமா?” என்றான் செல்வா. “கட்டிப் போடு அவன!”

சிரித்தார்கள். கூட்டத்தில் யார் முதலில் சிரித்தது என்று தங்கமணி பார்க்கவில்லை. மாலாவும் சிரித்ததை மட்டும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவளை ஒதுக்கினார்கள். தீர்மானம் போட்டு ஒதுக்கவில்லை, அந்த அளவுக்கு ஏழாங்கட்டைக்காரர்கள் வெள்ளந்திகள் இல்லை. கிளினிக்குக்குப் போக மோட்டார் சைக்கிள் கேட்டால் பெட்ரோல் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் பிரசாதம் கொடுக்கிற கை அவள் முன்னால் வரும்போது காலியாகிவிடும். மாலா வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போடுவதைக்கூட நிறுத்திவிட்டாள். இதையெல்லாம் தங்கமணி தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது சேதுவுக்குச் செய்ததுதான்.

முன்பெல்லாம் டயர் கடைக்கு வருகிற லோரிக்காரர்கள் அவன் தோளைத் தட்டுவார்கள், சைகையில் கேலி பேசுவார்கள். அவனுக்கு நட்பு என்று இருந்தது அதுதான். இப்போது அவன் குனிந்து வேலை செய்கிற நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால் நெருங்கி லோரியை நிறுத்தி முழுமூச்சாக ஹாரன் அடித்தார்கள். பக்கத்துக் கடையில் சாப்பிடுகிறவன் கையிலிருந்த தம்ளர் ஆடும். சேது மட்டும் போல்ட்டைத் திருகிக்கொண்டே இருப்பான். அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவன் திரும்பிப் பார்த்தால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பாவம், அவனும் சிரிப்பான். தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வான்.

ஆனால் சேது பத்திரமாக இருந்தான். கேமராவுக்குப் பயந்து லோரிகள் ஊர்ந்துதான் போயின. அவன் ரோட்டைக் கடந்து மூக்கில் விரல் வைத்துக் காட்டும்போது தங்கமணி தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்: ஊர் பேசாவிட்டால் போகட்டும், பிள்ளை இருக்கிறான்.

ஆடித் திருவிழா நெருங்கியபோது பாலகிருஷ்ணன் அவள் வீட்டுக்கே வந்தார். கூடவே பேனர் கடைக்காரன் கொடுத்த ஒரு வண்ணத் தாள். அம்மன் நடுவில், கீழே உபயக்காரர்களின் முகங்கள். அதில் எல்லோரையும் விடப் பெரியதாக ஒரு முகத்துக்கு இடம் விட்டிருந்தது.

“தங்கமணி, ஊருன்னா நாலும் இருக்கும். மனசுல வச்சிக்காத” என்றார். “இந்த வருஷம் ஊர்வலத்துல அம்மனுக்குக் கொடை புடிக்க ஒம்மகனத்தான் நெனச்சிருக்கோம். பேனர்லயும் அவன் படந்தான் பெருசா வரும்.”

அம்மனுக்குக் குடை பிடிப்பது சாதாரணப் பெருமை இல்லை. பாலகிருஷ்ணனின் மகனே போன வருஷம்தான் பிடித்தான். தங்கமணி அந்தத் தாளை வாங்கிச் சேதுவிடம் கொடுத்தாள். இருந்தாலும் அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை.

“பேனர எங்கண்ணே கட்டுவீங்க?”

பாலகிருஷ்ணன் கூரையைப் பார்த்தார். பிறகு, ஒளிப்பதில் பயனில்லை என்று நினைத்தாரோ என்னவோ, நேராகவே சொன்னார். “டயர் கடைக்குப் பக்கத்துல. அந்தக் கம்பத்துக்கு முன்னால ரெண்டு கழி நட்டு. சாமி பேனர்மா, எந்த ஆபீஸ்காரன் வந்து அவுப்பான்? திருவிழா முடியுற வரைக்குந்தான். டிரைவருங்க ரெண்டு காசு பாக்கட்டும். எல்லாம் நம்ம புள்ளைங்கதான? பாத்துத்தான் போவானுங்க.”

“முடியாதுன்னா?”

“முடியாதுன்னா நான் என்னா செய்ய முடியும்? நீயாச்சி ஊராச்சி.”

சேது வாசலில் உட்கார்ந்து அந்த வண்ணத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய இடத்தைத் தொட்டுக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டான். ‘நானா?’ என்று புருவத்தைத் தூக்கினான். அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தைத் தங்கமணி அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. திருவிழா வரைக்கும்தானே என்று நினைத்தாள். நாம் வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தலையை ஆட்டினாள்.

பேனரைக் கட்டியதே சேதுதான். ஏணி வைத்து ஏறி, காற்றில் ஆடாதபடி கம்பி போட்டு முறுக்கினான். படம் ரோட்டைப் பார்த்து ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தார்கள். ஒரு முகம் ஊரைப் பார்த்துச் சிரித்தது. இன்னொரு முகம் கேமராவின் கண்ணுக்கு நேரே நின்று சிரித்தது.

அன்று மதியமே பாலகிருஷ்ணனின் குரல் எல்லா டிரைவர்களின் போனுக்கும் போய்விட்டது. “ஆத்தா கண்ண மூடிட்டா. தாராளமா வாங்கலா!”

தாராளமாக வந்தார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து மிதித்துக்கொண்டு வந்தார்கள்.

ஊரும் திரும்பி வந்தது. மாலா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து முருங்கைக்கீரை கொடுத்தாள். பிரசாதக் கை தங்கமணி முன்னால் நிரம்பி வழிந்தது. டயர் கடையில் சேதுவின் தோளைத் தட்டினார்கள், பேனரைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அவன் தலைகால் புரியாமல் திரிந்தான். காலையில் வேலை தொடங்குமுன் துணி ஒன்றை நனைத்து எடுத்துக்கொண்டு போய், லோரி கிளப்பிய புழுதியைப் பேனரிலிருந்து துடைத்தான். அம்மன் முகத்தை முதலில், தன் முகத்தைப் பிறகு, அந்த ஒழுங்கு தப்பாது. தங்கமணி வாசலில் நின்று சிரித்துக்கொண்டே திட்டுவாள்.

ஊர்வலத்தன்று அவளால் வாசலில் நிற்க முடியவில்லை. தேருக்கு வேப்பிலை கட்டக் கோயிலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டதை எப்படித் தட்டுவாள்? சேது மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு தயாராகிவிட்டான். குடை பிடிக்கப் போகிற நாளில் பேனரில் முகம் அழுக்காக இருக்கலாமா என்று துணியை நனைத்துக்கொண்டு கிளம்பினான்.

கோயிலில் இருந்த எல்லோருக்கும் அந்த ஹாரன் கேட்டது. நீளமாக, விடாமல், பிரேக் சத்தமே இல்லாமல். யாருக்கு அடித்தார்களோ அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

தங்கமணி கையில் வேப்பிலையோடு ஓடினாள். லோரி நிற்கவில்லை. ரோட்டின் நடுவே மஞ்சள் வேட்டி கிடந்தது. சேது வெகுதூரம் தள்ளிக் கிடந்தான். ஈரத்துணி கையிலேயே இருந்தது.

இனி ஊர் என்ன செய்தது என்று சொன்னால் நம்பச் சங்கடமாக இருக்கும். சாவு விழுந்தால் கோயிலைச் சாத்த வேண்டும், அதுதான் வழக்கம். கமிட்டி அவசரமாகக் கூடியது. உயிர் போனது ரோட்டுக்கு அந்தப் பக்கம், அது கோயில் எல்லை இல்லை என்றார் பாலகிருஷ்ணன். உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாகிவிட்டது, ஆகவே லயத்தில் தீட்டு இல்லை என்றார் இன்னொருவர். தேருக்குச் சொல்லியாகிவிட்டது, மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். சாயந்திரம் ஊர்வலம் போனது. குடையைப் பாலகிருஷ்ணனின் மகன் பிடித்தான். பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்த தங்கமணியிடம் இதை யாரும் சொல்லவில்லை. பிறகு மாலாதான் சொன்னாள், அதுவும் ஊர்வலம் இந்த வருஷம் ரொம்ப அழகு என்று.

மறுநாள் போலிஸ் நிலையத்துக்குப் பாலகிருஷ்ணனே காரில் அழைத்துப்போனார். சார்ஜன் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மேசையில் இருந்த கணினியைத் திருப்பினார். பேனர் மறைத்திருந்தாலும் வேகத்தை அளக்கிற கருவி அளந்திருந்தது என்றார், கேமரா படமும் எடுத்திருந்தது என்றார். தங்கமணிக்கு மலாய் புரியும். பாலகிருஷ்ணன் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

படத்தின் மேலே நேரம், தேதி, தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர். கீழே படம் முழுக்கப் பேனரில் இருந்த சேது. அப்போதுதான் துடைத்த முகம், பளிச்சென்று, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். லோரி இல்லை. நம்பர் இல்லை. அவனை இடித்த வண்டிக்கும் அதைப் பார்த்திருக்க வேண்டிய கண்ணுக்கும் நடுவில் அவனேதான் நின்றான்.

பாலகிருஷ்ணன் மூச்சை விட்டார். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு. அது தங்கமணிக்குக் கேட்டது.

எந்த லோரி என்று இன்றுவரை தெரியாது, முகைதீன் கடையில் இருந்தவர்களும் நம்பரைப் பார்க்கவில்லை என்றார்கள். பாலகிருஷ்ணனுக்கே தெரியுமோ தெரியாதோ. ஆனால் தன்னுடையதாக இருக்குமோ என்று அவர் பயந்தார், ஆமா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவர் விரும்பவே இல்லை. சாவு வீட்டுக்கு எல்லா டிரைவர்களும் வந்தார்கள். பாய் விரித்தார்கள், நாற்காலி தூக்கினார்கள், பாடை கட்டினார்கள். அவர்களில் இடித்தவன் எவன் என்று தங்கமணி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையும் நடுங்கவில்லை.

சேதுவை எரித்துவிட்டு வந்த மறுநாள் காலையில் பாலகிருஷ்ணன் மறுபடி வந்தார். “புள்ளைக்குக் கமிட்டி சார்பா ஒரு மரியாத செஞ்சிருக்கோம்மா. எட்டிப் பாரு.”

வாசலில் நின்று பார்த்தாள். திருவிழா பேனரை எடுத்துவிட்டு, அதே இரண்டு கழிகளில், அதே உயரத்தில், புதிதாக ஒன்று கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. பேனர் கடையில் அவன் படம் தயாராக இருந்தது, அதே படம். இப்போது அம்மன் இல்லை, அந்த இடத்துக்கும் சேர்த்து அவன் முகம்தான்.

“கருமகிரியை முடியுற வரைக்கும் இருக்கட்டும்” என்றார். “சாவு பேனர் அதுலா, யாரும் தொடமாட்டான்.”

அவர் போனபின் மாலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தாள். மடியில் செல்வாவின் போன் இருந்தது. ஏதோ வந்து விழ, என்னவென்று விரலை வைத்தாள். பாலகிருஷ்ணனின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. “பயப்படாம வாங்கலா. கருமகிரியை வரைக்கும் சேது நம்மளப் பாத்துக்குவான்.” பின்னாலேயே யாரோ சிரிக்கிற சத்தம்.

மாலா போனைப் புடவைக்குள் அமுக்கினாள். தங்கமணி எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனாள். செம்பனைக் குலை அறுக்கிற நீளக் கம்பு அரிவாள் சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்காமல் ரோட்டில் இறங்கினாள். ஒரு லோரி கத்திக்கொண்டு விலகிப் போனது.

கம்பியை அறுத்துப் பேனரை முழுசாக இறக்கத்தான் அவள் நினைத்தாள். முடியவில்லை. முன்பு சேது போட்ட கம்பி முறுக்கை யாரோ அப்படியே கற்றுக்கொண்டு கட்டியிருந்தான். அரிவாள் கம்பியில் வழுக்கியது. அதன் வளைவு துணியில்தான் மாட்டியது, நெற்றிக்குச் சற்று மேலே.

மீரா முகைதீனின் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். “ஏ தங்கமணி! அது ஒம்மகன் மொகம்!” என்று முகைதீன் கத்தினார்.

“தெரியும் பாய்” என்றாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான். கம்பை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தாள். நெற்றி கிழிந்தது, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே கிழிந்தது, சிரிப்பு இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அடிபட்டவளின் சத்தம். துணி இரண்டு பக்கமும் விலகித் தொங்க, நடுவில் கம்பத்துப் பெட்டியின் கண் தெரிந்தது.

அப்போதுதான் செல்வா வந்தான், பாலகிருஷ்ணனின் லோரியில், குலை ததும்ப, தாராளமாக. பெட்டியிலிருந்து பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது.

“பெத்த புள்ள மொகத்த அரிவாளால கிழிச்சாளே, இவல்லாம் ஒரு தாயா?” அன்று சாயந்திரத்துக்குள் பாலகிருஷ்ணனின் அந்தக் குரல் எல்லா போனுக்கும் போய்விட்டது. ஏழாங்கட்டை முழுக்க அதைக் கேட்டு உச்சுக் கொட்டியது. மாலாதான் அதிகமாகக் கொட்டினாள்.

ஆனால் லோரிகள் மெதுவாகப் போயின. வெளிச்சம் அடித்த சேதியும் எல்லா போனுக்கும் போயிருந்தது. ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு குழந்தைகூடப் பயமில்லாமல் கடக்கலாம் என்கிற வேகத்தில் போயின. தங்கமணி டயர் கடைப் பக்கம் சேது நிற்கிற இடத்தில் நின்று, மூக்கின் மேல் விரலை வைத்தபடி, எதிர்ப்பக்கத்தில் தன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் இல்லை.